கோடிங்குக்கு முன் காகிதம்: முதல் புரோட்டோடைப் செய்வது எப்படி?

ஆப் செய்யக் கிளம்புகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. "முதலில் வெளியே விடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது ஒன்று. "அரைகுறையாக விட்டால் பேர் கெட்டுப்போகும்" என்பது இன்னொன்று. எதில் அவசரப்படலாம், எதில் கூடாது என்று பிரித்துக்கொண்டால் இந்தச் சண்டைக்கே வேலை இல்லை. அப்படிப் பிரிக்க உதவுவதுதான் புரோட்டோடைப், அதாவது நிஜ ஆப்புக்கு முன் சோதித்துப் பார்க்கச் செய்யும் மாதிரி.

இதற்கு நல்ல உதாரணம் பாம் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ். 1993-ல் அவர் பங்களிப்போடு வந்த ஜூமர் என்ற கையடக்கக் கருவி மெதுவாக ஓடியது, கனமாகவும் இருந்தது, விற்கவில்லை. அடுத்த கருவிக்கு அவர் முதலில் செய்தது சட்டைப் பைக்குள் நுழையும் அளவில் ஒரு மரக்கட்டை. திரைக்குப் பதில் காகிதம், பேனாவுக்குப் பதில் சாப்ஸ்டிக் குச்சி. யாராவது "அன்றைக்கு நேரம் இருக்கிறதா?" என்று கேட்டால் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பாராம்! 1996-ல் அந்தக் கருவி பைலட் என்ற பெயரில் வெளிவந்தபோது நாட்காட்டி, முகவரி, செய்யவேண்டியவை, குறிப்பு ஆகிய நான்கையும்தான் முன்னிறுத்தினார்கள்.

சரி, நம் வேலைக்கு வருவோம். மாதக் கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்காக ஒரு மெஸ் ஆப் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

1. ஒரே ஒரு கேள்வி

"ஆப் நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாளை மதியச் சாப்பாடு வேண்டாம் என்பதை யார் உதவியும் இல்லாமல் சொல்ல முடிகிறதா?" என்பதை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிவையுங்கள்.

2. காகிதத் திரைகள்

ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் ஏறக்குறைய போன் அளவு வரும். ஒரு துண்டுக்கு ஒரு திரை, ஸ்கெட்ச் பேனாவால் வரையுங்கள். ஸ்கேல் வேண்டாம், கலர் வேண்டாம். அழகாக இருந்தால் குறை சொல்லக் கூச்சப்படுவார்கள்.

3. உட்காரவைத்துப் பாருங்கள்

நண்பர் ஒருவர்தான் 'போன்'. விரல் பட்டதும் அடுத்த தாளை வைப்பார், பேசமாட்டார். சாப்பிட வருகிறவரிடம், "நாளைக்கு ஊருக்குப் போறீங்க, மெஸ்ஸுக்குச் சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே கஷ்டமான படி இதுதான்.

விரலைக் கவனியுங்கள். 'ரத்து' பட்டன் வரை போய்த் திரும்புகிறதா? "இதை அழுத்தினா மாசக் கணக்கே போயிடுமா?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் போனதும் 'ரத்து' என்பதை அடித்துவிட்டு 'நாளை மட்டும் வேண்டாம்' என்று எழுதி, அடுத்தவருக்குக் காட்டுங்கள். ஒரு நிமிட வேலை.

ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்று, பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்பதை ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். பெரிதாக ஒரே சோதனை வைப்பதைவிடச் சின்னச் சின்னதாகப் பல சுற்று நல்லது என்பது அவர் வாதம். ஆனால் ஐந்து பேரும் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களாக இருக்க வேண்டும், உங்கள் டீம் ஆட்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

4. போனில் ஒருமுறை

அதே திரைகளை ஃபிக்மா என்ற திரை வடிவமைப்பு மென்பொருளில் போட்டு நிஜ போனில் தட்டிப் பாருங்கள். எழுத்துகளைத் தமிழிலேயே வையுங்கள். 'ஓகே' அடங்கிய பட்டனில் 'உறுதிப்படுத்து' அடங்காது.

5. இனி நிதானம்

நாளைக்கு எத்தனை சாப்பாடு என்ற எண்ணிக்கைதான் சமையலறைக்குப் போகிறது. அது தப்பினால் சோறு மிஞ்சும், அல்லது ஒருவர் பசியோடு திரும்புவார். நெட் பாதியில் போனால் என்ன ஆகும், இரண்டு முறை தட்டினால் பணம் இரண்டு முறை கழியுமா, இரவு எத்தனை மணி வரை மாற்றலாம்? இதற்கெல்லாம் காகிதத்திலும் ஃபிக்மாவிலும் பதில் கிடைக்காது. இங்கே கோடிங்கைப் புதிதாக, சோதனைகளோடு எழுதுங்கள். சோதித்துப் பார்க்க அவசரமாக எழுதிய கோடிங் ஏதாவது இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃபிக்மாவைப் பார்த்த முதலாளி, "அதான் முடிஞ்சிடுச்சே, அடுத்த வாரம் விட்டுடலாம்" என்பார். அவருக்கு முதலில் காகிதத்தையே காட்டுங்கள். புதுச் சுற்றில் புதிய குறை எதுவும் வராமல், ஏற்கெனவே தெரிந்தவையே வந்தால், அவற்றைச் சரிசெய்து சோதனையை நிறுத்திவிட்டு, 'நாளை மட்டும் வேண்டாம்' என்ற ஒரு வசதியை மட்டும் முதலில் கட்டத் தொடங்குங்கள்.