டைமரைப் பார்க்கும் பழக்கத்தைப் பாட்டு வேகத்தால் சரிசெய்தேன்

ட்ரெட்மில்லில் ஏறினால் கண் டைமரை விட்டு நகராது, அதுதான் என் தொல்லை. எல்லாரும் சொல்கிறார்களே என்று நிமிடத்துக்கு 140 பீட்டுக்கு மேல் போகும் பாட்டுகளாகவே கேட்டு வந்தேன். ஆரம்பம் ஜோராக இருக்கும், அப்புறம் காதில் வெறும் இரைச்சல், கண் மறுபடி டைமருக்கே போய்விடும்.

விளையாட்டு உளவியலாளர் கோஸ்டாஸ் கராஜியோர்கிஸ் குழுவின் 2008 ஆய்வு தற்செயலாகக் கண்ணில் பட்டது. ட்ரெட்மில்லில் ஓரளவு கடினமாக நடந்தவர்கள் வேகப் பாட்டைவிட நடுத்தர வேகப் பாட்டில்தான் நடையில் அதிகம் லயித்தார்களாம். சரி, பார்ப்போம் என்று 115 முதல் 120 பீட் வரை உள்ள பாட்டுகளைத் தனியே பிரித்து வைத்தேன். எண்ணுவது சுலபம்தான், 15 விநாடி தொடையில் தாளம் தட்டி நாலால் பெருக்கினால் போதும். நடை வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்ததில் தாளம் விழும் இடத்திலேயே குதிகாலும் விழ ஆரம்பித்தது, அடுத்த பாட்டு தொடங்கியதுகூடத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன்.

மூச்சிரைக்க ஓடும்போது இது எடுபடாது. அந்த நேரத்தில் உடம்பு போடும் சத்தம்தான் பெரிது. வேகப் பாட்டை அதற்கென்று வைத்திருக்கிறேன், லயிக்க இல்லை, உசுப்பேற்ற.