பழைய நகையை விற்கும்போது டச் கணக்கு

அம்மாவின் அட்டிகையை விற்க வேண்டி வந்தது. ஹால்மார்க் காலத்துக்கு முந்திய நகை; அதனால் டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சொக்கத் தங்கம் என்பது, தெரியாது. தெருமுனை அடகுக்கடைக்காரர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "டச் 80தான் தேறும், கல்லுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கலாம்" என்றார். "கொஞ்சம்னா எவ்வளவுங்க?" என்றேன். பதில் இல்லை.

நகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு தெரிந்த பத்தரிடம் போனேன். கல்லையும் அரக்கையும் எடுத்துத் தந்தார். நிகர எடை 16 கிராம், அதாவது 2 பவுன். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் பொதுமக்கள் நகையையும் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்து எழுதித் தருவார்கள். அங்கே வந்த டச் 84.

அந்தத் தாளைப் பார்த்ததும் அடகுக்கடைக்காரர் 84-ஐ ஒப்புக்கொண்டார். ஆனால் கால்குலேட்டரில் அழுத்தியது 22 காரட் விலையை! வில்லங்கமே இங்கேதான். டச் 84 என்றால் நூற்றுக்கு 84 பங்கு சொக்கத் தங்கம். அதை 24 காரட் விலையால்தான் பெருக்க வேண்டும். 22 காரட் விலை என்பதே 91.6 சதவீதத் தங்கத்துக்கான விலை. இப்படி இரண்டு முறை கழித்தால் 16 கிராம் நகையில் ஒரு கிராமுக்கு மேல் போய்விடும். (கேட்டால், "எல்லாக் கடையிலும் இப்படித்தான் சார்" என்பார்கள்.)

துண்டுச்சீட்டில் 16 × 0.84 = 13.44 என்று எழுதி, பக்கத்தில் அன்றைய 24 காரட் விலையைப் போட்டு நீட்டினேன். உருக்குக் கூலி என்று 2 சதவீதம் கழித்தார். சரி, அது பரவாயில்லை. பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி, எடை, டச், விலை மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டேன்.