மஞ்சள் பூசணி ஈஸ்ட் பிரெட்: பாலை மட்டும் அவசரப்பட்டு ஊற்றாதீர்கள்

இலையுதிர்காலத்தில் முற்றி வரும் மஞ்சள் பூசணி, பிரெட்டுக்கு நல்ல நிறமும் மென்மையும் தரும். கூடவே தண்ணீரும் வரும். சதையில் ஏறக்குறைய 90 சதவீதம் நீர்தான். முதல் முறை செய்பவர்கள் சறுக்குவதும் பெரும்பாலும் இதனால்தான்.

23 × 13 செ.மீ. டின்னுக்குத் தேவை: பிரெட் மாவு 400 கிராம் (புரதம் மிகுந்த கோதுமை மாவு; மைதாவிலும் செய்யலாம், சற்றுக் குறைவாக எழும்பும்), பூசணி விழுது 200 கிராம், பால் 60 முதல் 80 மி.லி., இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம், சர்க்கரை 30 கிராம், உப்பு 7 கிராம், வெண்ணெய் 40 கிராம், பட்டைத்தூள் 1 டீஸ்பூன். மணத்துக்கு ஆசைப்பட்டுப் பட்டையைக் கூட்டினால் ஈஸ்ட் மந்தமாகிவிடும்.

பூசணியைத் தண்ணீரில் வேகவைக்காதீர்கள். துண்டுகளாக்கி ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் மெத்தென்று ஆகும்வரை, சுமார் 40 நிமிடம், சுட்டு மசியுங்கள். விழுதில் நீர் கோத்தால் துணியில் வடியுங்கள். முழுக்க ஆறட்டும், சூடான விழுது ஈஸ்டைக் கொன்றுவிடும்.

வெண்ணெய் தவிர எல்லாவற்றையும் சேர்த்து, வெதுவெதுப்பான பாலை முதலில் 60 மி.லி. மட்டும் ஊற்றிப் பிசையுங்கள். 5 நிமிடம் கழித்தும் உலர்ந்த மாவு தெரிந்தால் மட்டுமே மீதிப் பால். பிறகு வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இன்னும் 10 நிமிடம். நடுவில் கையில் ஒட்டத்தான் செய்யும். அதற்காக மாவை அள்ளிப் போட்டால் பிரெட் கட்டியாகிவிடும். சிறு உருண்டையை இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக விரிய வேண்டும், அதுவே பதம்.

மூடி வையுங்கள். இருமடங்காக 1 முதல் 1½ மணி நேரம் பிடிக்கும். குளிர்ந்த அறையில் இன்னும் தாமதமாகும். கடிகாரத்தை விட்டு மாவைப் பாருங்கள். காற்றை அமுக்கி, இறுக்கமாகச் சுருட்டி, வெண்ணெய் தடவிய டின்னில் வைத்து மறுபடி 40 நிமிடம். விரலால் அழுத்திய குழி மெல்ல, பாதி மேலெழுந்தால் ஓவனுக்குத் தயார். குழி அப்படியே நின்றால் அதிகம் பொங்கிவிட்டது, ஓவனில் அமுங்கும். சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் பொறுங்கள்.

முன்சூடாக்கிய ஓவனில் 180 டிகிரியில் 35 நிமிடம். சர்க்கரையால் மேல்புறம் சீக்கிரம் கறுக்கும், 20வது நிமிடத்தில் அலுமினியத் தாளால் மூடுங்கள். உட்புறம் 93 டிகிரி தொட்டால் வெந்துவிட்டது. உடனே டின்னிலிருந்து எடுங்கள், இல்லையேல் அடிப்பகுதி வியர்த்து நமுக்கும். ஒரு மணி நேரமாவது ஆறிய பின்பே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே களிபோல் கத்தியில் ஒட்டும்.