ஈஸ்டரும் இஷ்தாரும்: விழாக்களுக்கு வேர் தேடும்போது வழுக்கும் இடங்கள்

தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வரப் போகிறது என்றால் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் தவறாமல் வந்துவிடும். சிறகு விரித்து நிற்கும் பாபிலோனியப் பெண் தெய்வம். இவள் பெயர் இஷ்தார், அதைத்தான் ஈஸ்டர் என்கிறார்கள், முட்டையும் முயலும் இவளுடைய சின்னங்கள் என்று கீழே நான்கு வரி. இதை இரண்டு தரப்பினர் அனுப்புகிறார்கள். கிறித்தவத்தைக் கிண்டல் செய்பவர்கள் ஒரு தரப்பு. ஈஸ்டரும் கிறிஸ்துமஸும் அஞ்ஞானிகளின் பண்டிகை, வேதத்தில் சொன்ன பஸ்கா என்ற யூதர் விழாவையும் ஓய்வுநாளையும் மட்டும் ஆசரியுங்கள் என்று போதிக்கும் சபைகள் மறு தரப்பு. மற்ற எல்லாவற்றிலும் எதிரெதிராக நிற்பவர்கள் இந்தப் படத்தில் மட்டும் ஒன்றுசேர்ந்துவிடுகிறார்கள்.

நானும் அதை நம்பி நாலு பேருக்கு அனுப்பியவன்தான். பிறகு உட்கார்ந்து தேடியபோதுதான் எங்கே வழுக்கினேன் என்று புரிந்தது. ஒரு விழாவில் பெயர், தேதி, சடங்கு, கதை என்று நான்கு இருக்கின்றன. நான்கும் ஒரே ஊரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நாமோ ஒன்றில் பழைய தெய்வத்தின் சாயலைப் பார்த்துவிட்டு, மற்ற மூன்றையும் அவள் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

காதில் விழுவதை வைத்து வம்சம் எழுதுவது

ஈஸ்டர் என்ற பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஜெர்மனில் அதற்கு உறவான ஓஸ்டர்ன் இருக்கிறது. மற்றபடி கிரேக்கம், லத்தீன், ரஷ்யன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் எல்லாவற்றிலும் விழாவின் பெயர் பஸ்கா என்ற எபிரேயச் சொல்லின் ஏதோ ஒரு வடிவம்தான். நம் கத்தோலிக்க ஊர்களில் பாஸ்கா திரி ஏற்றுகிறார்கள். இயேசுவின் பாடுகளை நடிக்கும் கூத்துக்குப் பாஸ்கு என்று பெயர். 2ஆம் நூற்றாண்டிலேயே சார்திஸ் நகர ஆயர் மெலித்தோ பஸ்காவைப் பற்றிச் செய்த பிரசங்கம் இன்றும் கிடைக்கிறது. அந்த விழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்ற சண்டை 325இல் நைசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம் வரை போனது. கிறித்தவத்தைப் பரப்ப ரோமிலிருந்து அகஸ்டின் என்ற துறவி இங்கிலாந்தில் வந்து இறங்கியதோ 597இல். அதாவது, ஆங்கிலேயர் ஒரு பெயர் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே விழா ஊன்றி நின்றுவிட்டது. பெயரைப் பிடித்து இழுத்தால் விழா கூடவே வராது.

பாபிலோன் கதையைப் பரப்பியதில் பெரும் பங்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஹிஸ்லாப்புக்கு உண்டு. 1850களில் கத்தோலிக்கத் திருச்சபையைத் தாக்கி அவர் எழுதிய நூலில் ஈஸ்டரை, இஷ்தாருக்கு இணையான அஸ்தார்த்தே தேவியோடு முடிச்சுப் போட்டார். சத்தம் ஒத்துப்போகிறது என்பதற்கு மேல் சான்று இல்லை. இஷ்தாரின் விலங்கு சிங்கம், சின்னம் எட்டு முனை நட்சத்திரம். முயலை அவள் பக்கத்தில் உட்கார வைத்தவர்கள் பிற்காலத்து ஆட்கள்.

ஒற்றை வரியில் ஒரு மதத்தையே கட்டுவது

சரி, ஈஸ்டர் என்ற பெயர் எங்கிருந்துதான் வந்தது? வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவி பீட், 725இல் காலக்கணக்கு பற்றி ஒரு நூல் எழுதினார். பழைய ஆங்கிலேயர் மாதங்களுக்கு வைத்திருந்த பெயர்களை அதில் வரிசையாகச் சொல்கிறார். அங்கே இப்போது பஸ்கா மாதம் எனப்படுவது முன்பு எயோஸ்ட்ரே என்ற பெண் தெய்வத்தின் பெயரால் அழைக்கப்பட்டது, அந்த மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. எயோஸ்ட்ரேயைப் பற்றிப் பழைய எழுத்தில் நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான். முயல், முட்டை, கோயில், புராணம் எதுவும் அதில் இல்லை.

1835இல் யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மானிய மொழியறிஞர் அந்த வரியை வைத்து, ஜெர்மானியர்களுக்கும் ஓஸ்டாரா என்று ஒரு தேவி இருந்திருப்பாள் என ஊகித்தார். அது ஊகம் என்று அவருக்குத் தெரியும். அடுத்து வந்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். ஈஸ்டர் முயலைப் பற்றிய முதல் தெளிவான எழுத்துக் குறிப்பு 1682இல் ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் கட்டுரையில் வருகிறது. பீடுக்கும் அந்த முயலுக்கும் நடுவில் சுமார் 950 ஆண்டுகள். முட்டையின் கதை அதைவிடச் சாதாரணம்: தவக்காலத்தில் முட்டை சாப்பிடக் கூடாது, ஆனால் கோழிக்கு நோன்பு தெரியாது. நாற்பது நாளும் இட்டது வீட்டில் சேர்ந்திருக்கும். 1290இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், ஈஸ்டருக்கு 450 முட்டைகள், 18 பென்ஸ் என்று செலவு எழுதியிருக்கிறார்கள். சாயம் பூசியும் தங்கத் தகடு ஒட்டியும் அரண்மனையில் இருப்பவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதற்கு.

இதைப் படித்துவிட்டு பீட் கதை கட்டினார் என்று மறுகோடிக்கு ஓடுபவர்களும் உண்டு. அவசரப்பட வேண்டாம். 1958இல் ஜெர்மனியின் மோர்கன்-ஹார்ஃப் அருகே ரோமானியர் காலத்து நேர்த்திக்கடன் கல்வெட்டுகள் நூற்றைம்பதுக்கு மேல் கிடைத்தன. ‘அவுஸ்ட்ரியஹேனே’ என்ற அன்னைத் தெய்வங்களுக்கு வைத்த கற்கள் அவை. எயோஸ்ட்ரே என்ற பெயரில் உள்ள, கிழக்கைக் குறிக்கும் வேர்ச்சொல் அந்தப் பெயரிலும் இருக்கிறது. எயோஸ்ட்ரே இவர்களில் ஒருத்தி என்று அதனால் நிரூபணம் ஆகிவிடாது. அப்படிப்பட்ட பெயரில் ஒரு தெய்வம் இருந்திருக்கலாம் என்பதற்கு மட்டும் கொஞ்சம் பலம் கூடுகிறது.

பக்கத்துப் பக்கத்துத் தேதிகளை உறவாக்குவது

ஆண்டில் 365 நாள்தான். ரோமானியர், கெல்ட், கிரேக்கர் விழாக்கள் அத்தனையையும் பரப்பி வைத்தால், எந்தக் கிறித்தவ நாளுக்கும் பக்கத்தில் ஏதாவது ஒரு தேவி நிற்பாள்.

பிப்ரவரி 2ஐ எடுத்துக்கொள்வோம். இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா, மெழுகுதிரி மந்திரித்துக் கொடுக்கும் நாள். முந்தின நாள், ஆட்டுக்குப் பால் சுரக்கும் காலத்தை ஒட்டி வரும் அயர்லாந்தின் பழைய விழாவான இம்போல்க். இரண்டு வாரத்தில் பழைய ரோமின் லூப்பர்காலியா விழா. ஆகவே அதிலிருந்துதான் இது என்கிறார்கள். ஆனால் 380களில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண், அங்கே இந்த விழாவைப் பிப்ரவரி 14இல் பார்த்ததாக ஆகிறது. ஏனென்றால் அப்போது அந்த ஊரில் பிறப்பு விழா ஜனவரி 6. அதிலிருந்து நாற்பதாம் நாள் என்று அவர் எழுதுகிறார். ஆண் குழந்தை பெற்ற தாய்க்கு மோசேயின் சட்டம் சொல்லும் நாற்பது நாள் தீட்டுக் கணக்கு அது. பிறப்பு விழா டிசம்பர் 25க்கு மாறியதும் இதுவும் பிப்ரவரி 2க்கு நகர்ந்தது. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக வரும். அயர்லாந்தில் ஆட்டுக்குப் பால் சுரக்கும் காலத்தைப் பற்றி எருசலேம்காரர்களுக்கு என்ன கவலை? மெழுகுதிரிப் பவனி பிறகு சேர்ந்தது. மகளைத் தேடி இரவில் தீப்பந்தத்தோடு அலைந்த ரோமானியத் தேவி செரஸின் விழாதான் இப்படி மாறியது என்று சொன்னவர்களில் இடைக்காலத் திருச்சபையின் பிரசங்கிகளே உண்டு. இந்த வேர் தேடும் பழக்கம் நாத்திகர்கள் தொடங்கியது அல்ல.

கிறிஸ்துமஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரோமானியரின் சாட்டர்னாலியா விழா டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும். வெல்லப்படாத சூரியனின் பிறந்தநாளும் கிறிஸ்துவின் பிறந்தநாளும் டிசம்பர் 25 என்று 354ஆம் ஆண்டின் ஒரே ரோமானியத் தொகுப்பில் இருக்கின்றன. யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

மரியாவின் விண்ணேற்பு விழாவான ஆகஸ்ட் 15 இன்னும் சுவாரசியம். இத்தாலியில் அன்று ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை; அந்தப் பெயர் அகஸ்டஸ் பேரரசர் ஏற்படுத்திய விடுமுறையிலிருந்து வந்தது. இரண்டு நாள் முன்பு, 13ஆம் தேதி, ரோமுக்கு அருகே நேமி ஏரிக்கரையில் டயானா தேவிக்குத் தீப்பந்த விழா நடந்தது. ஆனால் மரியாவுக்கு ஆகஸ்ட் 15 என்ற தேதி எருசலேமின் 5ஆம் நூற்றாண்டு வழிபாட்டு அட்டவணையிலேயே இருக்கிறது. 600ஐ ஒட்டி பைசாந்தியப் பேரரசர் மௌரிக்கியூஸ் அதைப் பேரரசு முழுவதற்கும் பொதுவாக்கினார். பெயர் ரோம், தேதி எருசலேம். நேமி ஏரி வழியாகப் போகாமலே இரண்டும் சேர்ந்துவிட்டன.

எழுதியது யார், எப்போது என்று கேட்காமல் விடுவது

அயர்லாந்தின் புனித பிரிஜித் விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள். பிரிஜித் என்ற தேவியைத் திருச்சபை அபகரித்துப் புனிதையாக்கிவிட்டது என்பது பிரபலமான கதை. புனிதையின் நாள் பிப்ரவரி 1, இம்போல்க் நாளேதான். இங்கே சந்தேகப்பட உண்மையிலேயே காரணம் இருக்கிறது. ஆனால் ஏடுகளை வயதுப்படி அடுக்கினால் கதை தலைகீழாகிறது. புனிதையின் வரலாற்றை கில்டேரின் கொகிதோசுஸ் எழுதியது 7ஆம் நூற்றாண்டில். தேவி பிரிஜித்தைப் பற்றிய முக்கியக் குறிப்பு வருவதோ 900ஐ ஒட்டி, கோர்மாக் என்ற அரசரும் ஆயருமானவரின் பெயரில் உள்ள சொற்பொருள் அகராதியில். புலவர்கள் வணங்கிய தெய்வம், அதே பெயரில் இரண்டு சகோதரிகள், ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லுத் தொழிலுக்கு என்று அது சொல்கிறது. புனிதைக்குப் பிறகு தேவி எழுத்தில் ஏறுகிறாள். இரண்டையும் எழுதியவர்கள் கிறித்தவர்கள்.

அப்புறம், கில்டேரில் பிரிஜித்தின் மடத்தில் எரிந்த அணையா நெருப்பு. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரால்டு என்ற வேல்ஸ் நாட்டுக் குருவானவர் கில்டேர் நெருப்பைப் பற்றி எழுதினார். பத்தொன்பது கன்னியர் ஆளுக்கு ஓர் இரவு காவல். இருபதாம் இரவு கடைசிக் கன்னி விறகை அடுக்கிவிட்டு, பிரிஜித், உன் நெருப்பை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிப் போய்விடுவாள். விடிந்து பார்த்தால் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். எவ்வளவு விறகு போட்டாலும் சாம்பல் கூடாது. சுற்றி வேலி, ஆண் எவனும் தாண்டக் கூடாது. படித்தவுடன் பழைய காலத்துப் பூசாரிணிகள் கண்முன் வருவார்கள், எனக்கும் வந்தார்கள். ஆனால் கொகிதோசுஸ் அந்த நெருப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. தேவியின் சாயல் புனிதையின் மேல் படிந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்; அபகரித்தார்கள் என்று சொல்வதற்கு ஏடு இடம் தரவில்லை. 1993இல் பிரிஜித் சபைக் கன்னியர்கள் கில்டேரில் நெருப்பை மறுபடி ஏற்றினார்கள். 2023 முதல் அயர்லாந்தில் அவள் பெயரில் பொது விடுமுறையும் உண்டு.

இதோடு சேர்ந்த இன்னொரு சறுக்கல்: ஆண்டுக்கு எட்டு விழா கொண்ட ‘ஆண்டுச் சக்கரம்’ கெல்ட் மக்களின் பழைய பஞ்சாங்கம் என்று நினைப்பது. நான்கு விழாக்கள் பழைய ஐரிஷ் இலக்கியத்தில் இருக்கின்றன. மற்ற நான்கையும் சேர்த்து எட்டாக்கியவர்கள் பழைய இயற்கை வழிபாட்டைப் புதுப்பிக்க முயன்ற 1950களின் இங்கிலாந்து விக்கா, துரூயித் குழுக்கள். ஓஸ்டாரா, லித்தா, மேபன் என்ற பெயர்களை 1974இல் எய்டன் கெல்லி என்ற அமெரிக்கர் வைத்தார். புதியது என்பதற்காக அவர்கள் கொண்டாட்டம் போலியாகிவிடாது. பழையது என்று சாட்சிக் கூண்டில் ஏற்றும்போதுதான் சிக்கல்.

எதுவுமே ஒட்டவில்லை என்று சாதிப்பது

601இல் போப் கிரகோரி இங்கிலாந்துக்குப் போன மெல்லித்துஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். சிலைகளை உடையுங்கள், கோயில்களை உடைக்காதீர்கள். தீர்த்தம் தெளித்துப் பீடம் வையுங்கள். மாடு பலியிட்டுப் பழகிய மக்கள் வேதசாட்சிகளின் நாளில் கோவிலைச் சுற்றிக் கிளைகளால் பந்தல் போட்டு விருந்துண்ணட்டும் என்கிறது கடிதம். ஒட்டுப்போட்டதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டுமா?

மெக்சிகோவின் தெபேயாக் குன்றில் குவாதலூப்பே அன்னை எனப்படும் மரியாவின் கோவிலுக்கு மக்கள் தொலைவிலிருந்து வருவதையும், அவளைத் தொனான்ட்சின் என்று அழைப்பதையும் 16ஆம் நூற்றாண்டுத் துறவி சகாகூன் சந்தேகத்தோடு எழுதி வைத்தார். அங்கே முன்பு அந்தப் பெயரில் ஒரு தேவிக்குக் கோயில் இருந்தது என்கிறார். மற்ற ஊர்களிலும் மரியாவுக்குக் கோவில் இருக்கிறதே, அங்கே ஏன் போகவில்லை என்பது அவர் கேள்வி. தொனான்ட்சின் என்றால் எங்கள் அம்மா. அந்தச் சொல் யாரைக் குறித்தது என்பது கும்பிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வேளாங்கண்ணியில் கொடியேற்றமும் மொட்டையும் தேரும் இந்த மண்ணின் வழக்கம். செப்டம்பர் 8 மட்டும் உலகம் முழுவதும் மரியாவின் பிறந்தநாள். இரண்டையும் ஒன்றாக்கி அங்கே ஒரு மறைந்த அம்மன் பண்டிகையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நம்மவர்கள் விழும் குழி

தெற்கு பிரான்சில், கடலோர ஊரான சேன்த்-மரி-த-லா-மேரில் மே 24 அன்று ஜிப்சிகள் எனப்படும் ரோமா மக்கள் சாரா என்ற கறுப்புப் புனிதையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். கோவிலின் நிலவறையில் திரிகளின் சூட்டில் நிற்கும் சிறிய சிலை. பக்தர்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்திய அங்கிகளில் முகம் மட்டும்தான் தெரியும். சாரா-லா-காலி என்பார்கள். ரோமா மக்களின் மூதாதையர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதும் உண்மை. போதாதா? காளி, துர்கா விசர்ஜனம் என்று பதிவுகள் பறக்கின்றன.

ரோமா மொழியில் காலி என்றால் கறுப்பி. நம் காளியின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான், ஆனால் சொல் போன வழியில் தெய்வமும் போனது என்பதற்குச் சான்று இல்லை. சிலையைக் கடலுக்குக் கொண்டுபோகும் பவனிக்கு ஊர்ப் பிரபு பரொன்செல்லி அனுமதி வாங்கித் தந்தது 1935இல்தான். அப்புறம், துர்கையை நாம் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருகிறோம். சாராவை அன்றைக்கே திரும்பத் தூக்கிவந்து நிலவறையில் வைத்துவிடுகிறார்கள்.