அரசுப் பள்ளி, தனியார் பள்ளிப் பிள்ளைகளை ஒரே வேலையில் சேர்ப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

முதலில் நான் சொதப்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் பள்ளிப் பிள்ளைகளைப் பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள், போட்டோ எடுத்தோம், கை தட்டினோம், பஸ் ஏறினோம். திரும்பும் வழியில் ஒரு பையனிடம், "நீ நோட்டு கொடுத்தியே, அந்தப் பையன் பேர் என்ன?" என்று கேட்டேன். முழித்தான். பஸ் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். ஒரு பெயர்கூடத் தேறவில்லை.

கொடுக்கிற கை ஒரு பக்கம், வாங்குகிற கை மறுபக்கம் என்று வைத்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு பள்ளிக்கும் பொதுவாக ஒரு வேலை வேண்டும். அதுவும் ஒரு தரப்பு தனியாகச் செய்து முடிக்க முடியாத வேலையாக இருக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இதை எப்படி நடத்துவது என்பதுதான்.

படி 1: வேலையைத் தேடுங்கள்

"சும்மா பழகவிட்டால் போதும், குழந்தைகள் ஒட்டிக்கொள்வார்கள்" என்பார்கள். அப்படி நடப்பதில்லை. 1954இல் முஸாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு முகாமில் 11 வயதுப் பையன்கள் 22 பேரை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டிகள் நடத்தினார். பகை மூண்டது. சமாதானத்துக்காக ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டால், சாப்பாட்டையே ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். பிறகு முகாமுக்கு வரும் தண்ணீரை ஆய்வாளர்களே ரகசியமாக அடைத்துவிட்டார்கள். எங்கே அடைப்பு என்று இரண்டு அணியும் சேர்ந்து தேட வேண்டியதாயிற்று. இப்படிச் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகள் அடுத்தடுத்து வரவர, பகை தணிந்தது.

எனவே வேலையில் மூன்று விஷயம் பாருங்கள். டியூஷன் போனவனுக்கு அதில் கூடுதல் லாபம் இருக்கக்கூடாது. பெரிய செலவு இருக்கக்கூடாது. முடிந்ததும் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது ஒழுகும் குழாய்க் கணக்கெடுப்பு. பள்ளிகள், பூங்கா, நூலகம், பஸ் நிலையம் என்று பொது இடங்களில் ஒழுகும் குழாய்களைத் தேடி அளப்பது. ஒரு லிட்டர் பாட்டில் 10 நிமிடத்தில் நிரம்பினால், அந்தக் குழாய் ஒரு நாளைக்கு 144 லிட்டரை வீணாக்குகிறது. சொட்டுச் சொட்டாக விழுகிறதா? 5 நிமிடத்தில் 50 மில்லி சேர்ந்தாலே நாளுக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது. இதற்கு வேண்டியது பாட்டில், அளவு குவளை, கடிகாரம், பேப்பர். அவ்வளவுதான்.

படி 2: இரண்டு தலைமை ஆசிரியர்களையும் ஒரே மேஜையில் உட்காரவையுங்கள்

தனித்தனியாகப் பார்த்து அனுமதி வாங்காதீர்கள். இருவரும் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரே ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள்: எத்தனை பிள்ளைகள், எத்தனை வாரம், எந்த நாள், எந்த நேரம், கூட வரும் பெரியவர்கள் யார், யார் என்ன செலவு. முதல்முறைக்கு 24 பேர், 6 வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். பெற்றோர் சம்மதம் எழுத்தில் வாங்குவது இரண்டு பள்ளிக்கும் பொது. செலவை எந்தப் பள்ளி ஏற்றாலும் அதைப் பிள்ளைகள் காதில் போடாதீர்கள். ஸ்பான்சர் பேனர் வேண்டவே வேண்டாம்.

படி 3: சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வுகளை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்

பாதி ஆட்டம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பள்ளி ஏசி பஸ்ஸில் வந்து இறங்க, மறு பள்ளி வெயிலில் நடந்து வந்தால், அன்றைய பாடத்தைப் பிள்ளைகள் அப்போதே படித்துவிடுவார்கள். பஸ்ஸை இரண்டு தெரு தள்ளி நிறுத்துங்கள், எல்லோரும் நடந்தே வரட்டும். கூடும் இடம் நூலகம் மாதிரிப் பொது இடமாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே.

சீருடை வேண்டாம். ஆனால் வீட்டு உடையும் வசதியைக் காட்டிக்கொடுக்கும், அதனால் உடைக்கு மேலே குழுவுக்கு ஒரு நிறத் துணிப்பட்டை கட்டிவிடுங்கள். போன் வீட்டிலேயே இருக்கட்டும். சிற்றுண்டி எல்லோருக்கும் ஒன்றே, வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரக்கூடாது. எல்லோருக்கும் சரளமாக வருகிற மொழியில்தான் வேலை நடக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, அறிமுகப் படலத்தில் "அப்பா என்ன செய்கிறார்?" என்ற கேள்வியை யாரும் கேட்கக்கூடாது. இதில் பெரும்பாலும் ஆசிரியர்கள்தான் வாய் தவறுவார்கள்!

படி 4: குழு பிரித்துப் பயிற்சி கொடுங்கள்

நான்கு பேர் கொண்ட ஆறு குழுக்கள். ஒவ்வொன்றிலும் இந்தப் பள்ளியிலிருந்து இருவர், அந்தப் பள்ளியிலிருந்து இருவர். மூன்றுக்கு ஒன்று என்று போனால் அந்த ஒற்றைப் பிள்ளை வாயே திறக்காது.

பயிற்சியில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் புதிதாக ஒன்றாகப் படிக்கத் தொடங்கிய வகுப்புகளில் எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் செய்துபார்த்தது. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காவிட்டால் தனக்கே பாடம் முழுசாக வராது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அளக்கும் முறையை ஒருவருக்கு, வரைபடத்தை ஒருவருக்கு, படிவத்தை ஒருவருக்கு, இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி கேட்டுப் பேசும் முறையை ஒருவருக்கு எனத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் குழுவுக்கு அனுப்புங்கள். மற்ற மூவருக்கும் அவரவரே சொல்லிக்கொடுக்கட்டும்.

படி 5: களத்தில் பேனாவைக் கவனியுங்கள்

பின்னொரு முறை இந்த முறையில் நான் நடத்தியபோது, முதல் வாரம் எதிலும் தலையிடாமல் பின்னாலேயே நடந்தேன். ஆறில் ஐந்து குழுக்களில் பேனா தனியார் பள்ளிப் பிள்ளை கையில், பாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளை கையில். யாரும் அப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை, தானாகவே அப்படிப் போய் நின்றது. வளர்ந்தவர்கள் உலகத்தைப் பார்த்துப் பழகியதுதானே, பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன?

கண்டிக்கத் தேவையில்லை, விதி ஒன்று போட்டால் போதும்: ஒரு குழாய் முடிந்ததும் எல்லோருடைய வேலையும் ஒரு இடம் நகர வேண்டும். பேனா பிடித்தவர் பாட்டில் பிடிப்பார், பாட்டில் பிடித்தவர் நேரம் பார்ப்பார், நேரம் பார்த்தவர் பேசுவார், பேசியவர் எழுதுவார். நான்கு குழாய்க்குள் ஒரு சுற்று வந்துவிடும். படிவத்தில் ஒவ்வொரு வரியிலும் எழுதியவர் பெயர் இருந்தால், சுற்று நடக்கிறதா என்று நீங்கள் பின்னாலேயே ஓட வேண்டியதில்லை.

சாலை கடக்கும்போது குழுவுக்கு ஒரு பெரியவர் கட்டாயம். ஆனால் குழாயடியில் அவர் நான்கடி தள்ளியே நிற்கட்டும்.

படி 6: கணக்கை உரியவர்களிடம் சேருங்கள்

ஐந்தாம் வாரம் எல்லாப் படிவத்தையும் கூட்டி, உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். எந்தக் குழாய், நாளுக்கு எவ்வளவு நஷ்டம் என்ற பட்டியலும் 24 கையெழுத்தும் இருக்க வேண்டும். கையெழுத்துகளைப் பள்ளிவாரியாகப் பிரிக்காமல் அகர வரிசையில் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அதே குழுக்கள் அதே குழாய்களைப் போய்ப் பார்க்க வேண்டும், அந்தத் தேதியையும் இப்போதே குறித்துவிடுங்கள்.

படி 7: பலித்ததா என்று எப்படித் தெரியும்?

கேள்வித்தாள் கொடுத்து "உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் எழுதுவார்கள். அதற்குப் பதில் சிற்றுண்டி நேரத்தில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். "அந்த ஸ்கூல் பையன்" என்பது போய்ப் பெயர் வருகிறதா என்று காது கொடுங்கள். நான் அதிகம் நம்புவது சண்டையை. முதலில் சண்டையே வராது, அவ்வளவு மரியாதை! பிறகு வந்தால், அது பள்ளிவாரியாகப் பிரிகிறதா என்று பார்ப்பேன்.

நான்காம் வாரம் ஒரு பூங்காவில் அப்படி ஒன்று வந்தது. அங்கே ஒரு குழாய், இறுக்கி மூடினால் ஒழுகாது, லேசாக மூடினால் ஒழுகும். இது கணக்கில் வருமா, வராதா? பேனா வைத்திருந்த அரசுப் பள்ளிப் பெண்ணும், நேரம் பார்த்த தனியார் பள்ளிப் பெண்ணும் வராது என்றார்கள். மற்ற இருவரும், "எல்லாரும் இறுக்கியா மூடுறாங்க?" என்று விடவில்லை. இருபது நிமிடம் போனது. கடைசியில் என்னிடம் கேட்காமலே படிவத்தில் கோடு கிழித்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டு, மேலே 'சந்தேகக் குழாய்' என்று எழுதியிருந்தார்கள்.