காலேஜுக்கு ஆக்சஸ் பாயிண்ட் வாங்கும் முன் சுவரையும் வாட்ஸையும் பாருங்கள்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு காலேஜில் 20 ஆக்சஸ் பாயிண்ட் (சுருக்கமாக ஏபி, வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) மாட்டி, பாதியைக் கழற்றி மறுபடி மாட்டிய கையோடு எழுதுகிறேன். ஐபி, விலான் மாதிரி நெட்வொர்க் அடிப்படை எல்லாம் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். நம்ம பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. பழைய பிளாக் என்றால் கருங்கல் சுவர்தான். கேபிள் மிச்சமாகும் என்று நான் வராந்தாவில் வரிசையாக மாட்டினேன். வராந்தாவில் சிக்னல் முழுசாக இருந்தது, கடைசி பெஞ்சில் -80 டிபிஎம் (சிக்னல் அளவு, பூஜ்யத்தை விட்டு விலக விலகப் பலவீனம்). ஏபியை வகுப்புக்குள் மாட்டுங்கள். வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் இரவல் வாங்கி, ஏணி மேல் கட்டி, போனில் வைஃபைமேன் ஆப் போட்டுக் கடைசி பெஞ்சில் அளந்து பாருங்கள். -67க்குக் கீழே போகக் கூடாது.

அடுத்து தலையை எண்ணுங்கள். பெட்டியில் 500 பேர் என்று போட்டிருப்பான், நம்பாதீர்கள். நான் ஏபிக்கு 50-60 பேர் என்றுதான் கணக்குப் போடுவேன். வைஃபை 6, 2x2 (அனுப்ப இரண்டு, வாங்க இரண்டு ஆன்டெனா) மாடல் வகுப்புக்குப் போதும். பிள்ளைகளின் போன்களில் பெரும்பாலும் 2x2தான். 4x4க்குக் கொடுக்கும் காசில் இன்னொரு ஏபி வாங்கலாம். ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட முடியாத காலேஜ் என்றால் யூனிஃபை பிராண்ட் ஏபிதான் என் விருப்பம்.

நான் மாட்டிக்கொண்டது மின்சாரத்தில். காலை எட்டரைக்கு எல்லாம் ஓடும். பத்து மணிக்கு வகுப்பு நிரம்பியதும் மூன்று ஏபி அணைந்து அணைந்து எரியும். கிரிம்பிங்தான் சரியில்லை என்று இரண்டு நாள் கேபிள் முனையின் ஆர்ஜே-45 பிளக்கை வெட்டி வெட்டிப் போட்டேன். கடைசியில் நெட்வொர்க் ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் பிஓஇ பட்ஜெட் (கேபிள் வழியே ஏபிகளுக்கு ஸ்விட்ச் தரக்கூடிய மொத்த மின்சாரம்) தீர்ந்திருந்தது. 24 போர்ட்டுக்கும் சேர்த்து 370 வாட்தான். அதாவது போர்ட்டுக்கு 15.4 வாட் தரும் ஏஎஃப் என்ற பிஓஇ தரத்துக்கு 24 போர்ட்டும் ஓடும், 30 வாட் தரும் ஏடி தரத்துக்கு 12தான். போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கிவிட்டேன். டேட்டாஷீட்டில் ஏபி அதிகபட்சம் எத்தனை வாட் இழுக்கும் என்று பார்த்து, எண்ணிக்கையால் பெருக்கி, மேலே கால்வாசி சேர்த்து ஸ்விட்ச் எடுங்கள். ஏடி கேட்கும் ஏபிக்கு ஏஎஃப் கொடுத்தாலும் விளக்கு எரியும். சில மாடல்கள் சத்தமில்லாமல் ரேடியோவைக் குறைத்துக்கொள்ளும்.

கேபிள் கேட்-6, முழுத் தாமிரம், 100 மீட்டருக்குள். கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல் 1, 6, 11 மட்டும். ஒன்றுவிட்டு ஒரு ஏபியில் 2.4-ஐயே அணைத்துவிடுவேன். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் வேண்டாம், 20 அல்லது 40 வைத்து, பவரையும் குறையுங்கள்.

பிற்சேர்க்கை: மைதானம் தாண்டி இருக்கும் ஹாஸ்டலுக்குக் கேட்-6 இழுக்கலாமா என்று தருமபுரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். 80 மீட்டர்தானாம். தூரம் சரி, இடிதான் பிரச்சினை. சித்திரையில் ஒரு கோடை மழைக்கு இரண்டு பக்க ஸ்விட்சும் போய்விடும். ஃபைபர் (கண்ணாடி இழை கேபிள்) இழுங்கள் அண்ணே, ஹாஸ்டல் பக்கம் தனி ஸ்விட்சும் யூபிஎஸ்ஸும் வையுங்கள்.