7 டெஸ்லா எம்ஆர்ஐ ஸ்கேனில் உட்செவியும் சிறுமூளையும் தெளிவாக விழ

கேரள எல்லையோரக் களியக்காவிளையைச் சுற்றியுள்ள ஊர்களில் ரேடியோகிராபி படித்து, 1.5 டெஸ்லாவிலும் 3 டெஸ்லாவிலும் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) கை பழகி, பிறகு வெளிநாட்டில் 7 டெஸ்லா எம்ஆர்ஐ இயந்திரத்தின்முன் நிற்கும் நம் பிள்ளைகள் திகைப்பது பெரும்பாலும் ஒரே காட்சியைக் கண்டுதான்: மூளையின் நடுப்பகுதி பளிச்சென்று இருக்க, காதோரமும் சிறுமூளையும் கறுத்துக் கிடக்கும்.

7 டெஸ்லாவில் ரேடியோ அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 298 மெகாஹெர்ட்ஸ் ஆகும். மூளைத் திசுவுக்குள் அதன் அலைநீளம் சுமார் 12 செ.மீ. ஆகச் சுருங்குவதால், தலைக்குள்ளேயே அலைகள் ஓரிடத்தில் கூடியும் மற்றோரிடத்தில் குலைந்தும் போகின்றன. காதோரமும் சிறுமூளையும் இந்த அலைப்புலம் குலையும் பக்கத்தில் அமைந்துள்ளன.

அங்கே குலையும் அலையை ஈடுகட்டக் கைகண்ட வழி, கால்சியம் டைட்டனேட் அல்லது பேரியம் டைட்டனேட் பொடியைக் கன நீரில் (டியூட்டீரியம் கொண்ட நீர்) குழைத்து அடைத்த பேடுகளைக் (மெத்தைப் பைகளை) காதை ஒட்டி இருபுறமும் வைப்பதாகும். சாதாரண நீரில் குழைத்தால் பேடே படத்தில் வெள்ளையாகத் தெரியும்; கன நீர் அந்தத் தொல்லையைத் தவிர்க்கிறது. பேரியம் டைட்டனேட்டின் மின்காப்பு மாறிலி அதிகம் என்பதால் அதன் பேடு மெல்லியதாக இருந்தாலே போதும். தலையைச் சூழும் சட்டமான காயிலுக்குள் விரல் நுழையவே இடமில்லாதபோது இது சிறிய சௌகரியமன்று. ஹெட்போனுக்கு இடமிராது என்பதால், காதடைப்பானை முன்னதாகவே சரியாகச் செருகிவிட வேண்டும். பேடு நாளடைவில் உலர்ந்து பயனிழக்கும். எடுக்கும்போதே விரலால் அழுத்திப் பாருங்கள், கட்டிதட்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். பேடு அலைப்புலத்தை மாற்றுவதால், அந்த நிலையத்தின் பாதுகாப்புக் குழு அனுமதித்த பேடை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வரிசையைப் பற்றியே. பேடை முதலில் வையுங்கள். அதன்பின்பே ஷிம்மிங்கையும் (காந்தப்புலத்தைச் சீராக்குவது) மின்னழுத்த அளவீட்டையும் (ரேடியோ துடிப்புக்கு எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று கணிப்பது) செய்யுங்கள். அந்த அளவீட்டையும் மூளை நடுவில் அன்றி, உட்செவி இருக்கும் பகுதியில் திரையில் அளவீட்டுப் பெட்டி வைத்துச் செய்ய வேண்டும். இயந்திரம் தானே எடுக்கும் அளவீடு பளிச்சென்ற நடுப்பகுதியையும் சேர்த்துச் சராசரி பார்ப்பதால், காதோரத்துக்கு அது குறைவாகவே அமையும்.

உட்செவியின் நத்தைச் சுருளுக்கு (காக்லியா) முப்பரிமாண டி2 டர்போ ஸ்பின் எக்கோ என்ற பட வரிசையே ஏற்றது. 3 டெஸ்லாவில் நாம் விரும்பும் ஸ்டெடி ஸ்டேட் வரிசை, காதெலும்பின் காற்றறைகளுக்கு அருகே இங்கே கருங்கோடுகளைப் போட்டுவிடும். உடல் சூடேறுவதற்கான வெப்ப வரம்பு எச்சரிக்கை வந்தால் டிஆரை, அதாவது துடிப்பு மறுபடி வருவதற்கான இடைவெளியைக் கூட்டுங்கள். நேரம் கூடினாலும் படம் கெடாது.

உட்செவி நோயாளிக்குத் தலைசுற்றல் ஏற்கெனவே இருக்கக்கூடும். உட்செவித் திரவத்தின் அயனி ஓட்டத்தின்மேல் காந்தப்புலம் விசை செலுத்துவதால், இயந்திரத்துக்குள் போகும்போது அந்தச் சுற்றல் கூடும்; ஆகவே மேசையை மெதுவாக நகர்த்துங்கள், சுற்றல் வரலாம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் "அனங்காம கிடங்க" (அசையாமல் படுத்திருங்கள்) என்றால் தமிழருக்கும் மலையாளிக்கும் ஒருசேரப் புரியும். வெளிநாட்டில் அவரவர் மொழியில் அந்த ஒரு வாக்கியத்தையாவது கற்று வைத்துக்கொள்ளுங்கள்.